கம்பத்து ஜீப்

"கடக்கரைல ஓடுன ஜீப்ப வாங்காதீங்க தம்பி. மலையில ஓடுனத வாங்குங்க" என்று ஆறுமுகநேரி அண்ணாச்சி சொன்னபோது எனக்கு அது தலைகீழாகப் பட்டது. மலையில் ஓடிய வண்டி என்றால் கல்லிலும் மேட்டிலும் அடிபட்டுச் சாறு பிழிந்த வண்டி அல்லவா? எங்கள் ஊர் ஜீப் பாவம், பஜாருக்கும் கடற்கரைக்கும் போய்வந்து கொண்டிருக்கும். அண்ணாச்சி சிரித்துவிட்டு, தன் பட்டறை வாசலில் நின்ற உப்பு லாரியின் அடியில் என்னைக் குனியச் சொன்னார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு குத்து விட்டார். உள்ளே போய்விட்டது. "வெளிய பெயிண்டு மினுங்கும். உள்ள அப்பளம்."

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. மலையில் தேய்வது இன்ஜின், கிளட்ச், பிரேக். தேய்ந்ததைக் கழற்றிப் புதிது போடலாம். கடலோரத்தில் அரிபடுவது அடிச்சட்டம், அதாவது சேசிஸ். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் வண்டி என்பதே சேசிஸ் நம்பர்தான். அது போனால் மிச்சமிருப்பது உதிரிபாகக் குவியல்.

காயல்பட்டினத்துக்காரனுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறு பக்கம் ஆறுமுகநேரி உப்பளம். நடுவில் நாங்கள். வாசல் கிராதிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்காதவர் வீட்டில் கிராதி இருக்காது. மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா மாட்டினால் முதலில் விழுவது அதன் போல்ட். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். அந்தப் பெருமைக்கு நாங்கள் இரும்பில் வரி கட்டுகிறோம்.

ஜித்தாவில் பல ஆண்டுகள் கம்பெனி வண்டி ஓட்டியவன் நான். வேலை முடிந்து ஊருக்கு வந்த பிறகு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை விடவில்லை. புதிய மகிந்திரா தாருக்குக் கையில் காசு இல்லை; இருந்திருந்தாலும் எங்கள் தெருவுக்குள் அதைத் திருப்ப முடியாது. காயல்பட்டினத்தில் கல்யாணம் முடித்தவன் பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பான். ஆகவே வண்டி நிற்கப்போவது மாமியார் வீட்டு வாசலில். பெண்டுகள் நடமாட வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு இருக்கிறது என்றாலும், முன்வாசலை ஒரு இரும்பு யானை அடைத்து நிற்பதை எந்த மாமிதான் விரும்புவார்? "மாப்பிள்ளைக்குக் கார் பிடிக்காதோ?" என்று என்னிடம் கேட்காமல் என் மனைவியிடம் கேட்டார்கள். சின்ன வண்டியாக, பழைய வண்டியாக, சத்தம் குறைந்த வண்டியாகப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் இரண்டை நிறைவேற்றினேன்.

2023 தொடக்கத்தில் கம்பத்தில் கிடைத்தது அது. மகிந்திரா எம்.எம். 540, 1998-இல் பதிவான வண்டி. கம்பம், போடி பக்கத்து ஜீப்புகளின் பிழைப்பு தெரிந்ததுதான். விடிவதற்கு முன் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லை ஏறி, பொழுது சாய இறங்கும். இருக்கை எத்தனை, ஏறியவர் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. இந்த வண்டியும் அந்த உழைப்பில்தான் கால் நூற்றாண்டைக் கழித்திருந்தது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் அடியில்தான் படுத்தேன். மண் இருந்தது, எண்ணெய் கசிந்து அந்த மண்ணோடு சேர்ந்து இறுகியிருந்தது, ஒரு ஸ்பிரிங் பட்டை உடைந்திருந்தது. ஆனால் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவர் எங்கே குத்தினாலும் 'டங்' என்றது. விலையை மேலே எழுந்து நின்றுதான் பேசினேன்.

ஜீப்பின் வம்சம் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. 1945-இல் மகிந்திரா கம்பெனி தொடங்கியபோது அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது. கூட்டாளியான குலாம் முகம்மது பிரிவினையின்போது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே பெயர்ப்பலகையில் இரண்டு மகிந்திராக்கள் ஆனார்கள். அவர்கள் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்றுப் பம்பாயில் கூட்டிச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்கென்று வரைந்த அந்தப் பெட்டி உருவம்தான் என் வண்டி வரை அதிகம் மாறாமல் வந்திருந்தது. இன்ஜின் மட்டும் பிரான்ஸ்காரர்களுடையது: பேஜோ வடிவமைத்த எக்ஸ்.டி.பி. டீசல், 2112 சி.சி.

கம்பத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக ஓட்டி வந்தேன். பிரேக்கை இரண்டு முறை மிதித்தால் ஒரு முறை பிடித்தது. ஸ்டீயரிங்கில் கால் சுற்று சும்மா சுற்றியது. மலைக்காற்றுக்கும் ஏற்றத்துக்கும் பழகிய வண்டி சமவெளியில் ஐம்பதைத் தாண்டினால் முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் தலையாட்டின. திருநெல்வேலி தாண்டி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து தாமிரபரணியைப் பார்த்த பிறகுதான் சுவாசம் சீரானது.

இந்தக் கரைக்கு வெளியூர்ச் சவாரி வந்து இறங்குவது புதிதல்ல. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய துறைமுகம். பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கினார்களாம். வருஷக் கடைசியில் நூறுகூடத் தேறாதாம். பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போயின என்கிறார் போலோ. விற்ற வணிகர்கள் குதிரை வைத்தியரைக் கூட்டி வரவுமில்லை, வர விடவுமில்லை. வைத்தியர் வந்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் என்னாவது? பழைய வண்டி வியாபாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அரபு வணிகர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

என் வைத்தியர் அண்ணாச்சி, ஆறுமுகநேரியிலேயே இருந்தார். உப்பு லாரிகளோடே முடி நரைத்தவர். அவர் வண்டியைச் சுற்றிவந்து சொன்ன முதல் வார்த்தை: "முதல்ல இதுல ஏத்துனத எல்லாம் எறக்குவோம்."

கழற்றத் தொடங்கினோம். முன்னால் கட்டியிருந்த கனத்த இரும்புக் கம்பிக்கூண்டு போனது. எப்படியும் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. மோதினால் எதிரே நடப்பவரைக் கொல்கிற கூண்டு அது. ஐந்து குரலில் பாடும் ஏர் ஹாரன் போனது. மேலே வரிசையாக வைத்த விளக்குகள், அவற்றுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் கூட இல்லாமல் இழுத்த வயர்கள், பாட்டுப்பெட்டி, கதவளவு ஸ்பீக்கர், பின்னால் வெல்டு அடித்த ஆள் நிற்கும் படி எல்லாம் போயின. பட்டைக் கட்டைப் பிரித்தபோது உள்ளே கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டைகள் இருந்தன. தோட்டத்து ஆட்களின் பாரத்துக்குச் சேர்த்தவை. பாரம் இல்லாத நாளில் அந்தக் கட்டு வளைந்தே கொடுக்காது. குழியில் விழுந்தால் சக்கரம் எழுந்து நிற்கும், உள்ளே இருப்பவன் முதுகெலும்பு வளையும். கூடுதல் பட்டைகளை உருவி, மீதியைத் திருநெல்வேலியில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றி, ஷாக்கிள் புஷ் எல்லாம் புதிதாகப் போட்டோம். வண்டியின் குணமே மாறிவிட்டது. கூடுதலாக ஒன்றையும் மாட்டாமலே கிடைத்த முன்னேற்றம் அது. இணையத்தில் இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை, ஏனென்றால் விற்க இதில் பொருள் இல்லை.

ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப்பைப் பிரித்து அகலச் சக்கரமும் குரோமும் பூட்டித் தருகிற தெருக்களே இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தப் படங்களைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டி, "காக்கா, இப்பிடிப் பண்ணிருவமா?" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுப்பதில்லை. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து பதிவுச் சான்று மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர்களிடம் நான் சட்டம் பேசவில்லை. அந்த அகல டயரோடு அப்பா பள்ளித் தெரு முனையில் திரும்பிக் காட்டு, பார்க்கலாம் என்றேன்.

பெரிய விவாதம் இன்ஜின் பற்றித்தான். பார்த்தவர் எல்லோரும் "பேஜோவைத் தூக்கிப்போட்டு டி.ஐ. இன்ஜினை வை" என்றார்கள். அதில் நியாயமில்லாமல் இல்லை. மகிந்திராவின் டி.ஐ. இன்ஜின் 2523 சி.சி., இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் வம்சத்தில் வந்தது. அடிமட்டத்திலிருந்தே இழுக்கும், உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். பேஜோ அப்படியில்லை. டீசலை நேரே சிலிண்டரில் பீய்ச்சாமல் ஓரத்தில் உள்ள சிறு அறையில் பீய்ச்சுகிற பழைய முறை. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும் வரை சாவியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் டி.ஐ. போலக் கட்டடம் அதிரக் கத்தாது. மாமிக்குக் கொடுத்த மூன்றாவது வாக்கு எனக்கு ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி கம்ப்ரெஷன் பார்த்தார். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அருகில் நின்றன. "இன்ஜின் சாகல. பட்டினி கிடக்கு" என்றார். டீசல் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துருவும் சேறும் ஒரு தட்டு வந்தது. டாங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாய்கள் மாறின. மைக்கோ பம்பையும் நாசில்களையும் தூத்துக்குடிக்கு அனுப்பி அளவு பிடித்து வாங்கினோம். ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு செத்திருந்தன. இத்தனைக்கும் பிறகு குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பியபோது கறுப்புப் புகை ஒரு முறை வந்து நின்றது, அப்புறம் வரவில்லை. இன்ஜினை மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. பதிவுச் சான்றில் கைவைக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று.

பிரேக்கில் மட்டும் அண்ணாச்சி சிக்கனம் பார்க்க விடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்து சிலிண்டர்கள், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஊர்க் காற்றில் உறிஞ்ச ஈரத்துக்குக் குறைவில்லை. உறிஞ்சியது உள்ளிருந்தே சிலிண்டரை அரிக்கும், மிதிக்கிற சூட்டில் ஆவியாகிக் காலைக் கைவிடும். பாட்டிலைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவைக்காதே என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

முன் அச்சைப் பிரித்த நாள்தான் எனக்குப் பிடித்த நாள். ஜீப்பின் முன் அச்சு முனைகளில் உருண்டையான கூடு இருக்கும். சக்கரம் திரும்பும்போதும் இழுவை குறையாமல் இருக்க, அதற்குள்தான் ஜாயின்ட் சுழல்கிறது. கூட்டின் வாயைச் சுற்றி ஃபெல்ட் சீல். அது போய்விட்டால் கிரீஸ் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகும். எங்கள் வண்டியில் இரண்டும் நடந்திருந்தது. டிஃபரன்ஷியல் அடைப்பைத் திறந்தால் ஆயில் பால் கலந்த தேநீராக வழிந்தது. மலை ஓடைகளில் இறங்கியதன் விளைவு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, ஜீப் வைத்திருக்கிற பலருக்கும் தெரிவதில்லை. ஓடிய வண்டியின் அச்சு சூடாக இருக்கும். அது திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்தாக வேண்டும். அச்சின் மேலே பிரீதர் என்று குண்டூசித் தலையளவு ஒரு மூச்சுத்துளை உண்டு. அது தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். கீழே இருந்தால் தண்ணீரை. அடைத்துப்போயிருந்தால் சீல் வழியாக இழுக்கும். எங்கள் வண்டியில் இரண்டு அச்சிலும் மலைச்சேறு அதை அடைத்தே வைத்திருந்தது.

ஆயிலுக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. கடைக்காரர் டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்த ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றச் சொன்னார். இரண்டும் தொண்ணூறு நம்பர்தானே என்பது அவர் வாதம். நம்பர் ஒன்றானாலும் தரம் வேறு. டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல். 5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் பற்களைக் காக்கும். அதையே பழைய கியர்பாக்ஸில் ஊற்றினால் உள்ளே உள்ள பித்தளை வளையங்களைத் தின்றுவிடும். அதற்கு ஜி.எல். 4. அண்ணாச்சி இரண்டு டின்னிலும் சுண்ணாம்பால் எழுதிவைத்தார்.

பிறகு நாங்கள் செய்ததுதான் இந்த வண்டியில் நான் செய்த ஒரே உருப்படியான மேம்பாடு என்று இன்றும் சொல்வேன். இரண்டு அச்சு, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நாலின் மூச்சுத்துளையிலும் டீசல் ரப்பர் குழாயை மாட்டி, கிளிப் போட்டு, பானெட்டுக்குள் இன்ஜினுக்குப் பின்சுவர் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டினோம். குழாய்க்கும் கிளிப்புக்கும் ஆன செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் புரோட்டா தின்கிற காசு. ஆயிரக்கணக்கில் கொடுத்து பானெட் ஓரத்தில் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு, மூச்சுத்துளையை மறந்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூக்கை மேலே தூக்கிக்கொண்டு வயிற்றில் தண்ணீரை ஏற்றிக்கொள்வார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெட்லைட் மங்கலாக இருந்ததற்குக் காரணம் பல்பு இல்லை. டேஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்பிய மெல்லிய வயர். இரண்டு ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேர் வயர் கொடுத்ததும் அதே பல்பு பிரகாசித்தது. எர்த் வயர்கள் சேசிஸைத் தொடும் இடங்களைச் சுரண்டி வாசலின் பூசினோம். டயர் கம்பெனி அளவுதான், 6.00-16, ட்யூபோடு. ஸ்டீயரிங்குக்கு டை ராடு முனைகளும் கிங்பின் பேரிங்கும் மாறின, தலையாட்டம் நின்றது. பெயிண்ட் பற்றி நான் பேசவில்லை, டிங்கர் செய்பவருக்குப் பிடித்த பச்சையை அவரே அடித்தார்.

அடிப்பாகத்தில் மட்டும் அவரோடு நான் சண்டை போட்டேன். அவர் தார் கலந்த கறுப்புப் பூச்சை இஞ்சு கனத்தில் அப்ப வேண்டும் என்றார். அது வறண்ட ஊருக்குச் சரி. கடலோரத்தில் அந்தப் பூச்சு எங்காவது மயிரிழை விரிசல் விட்டால் உப்பும் ஈரமும் உள்ளே புகுந்து வெளியே தெரியாமல் தின்னும். பூச்சு மட்டும் நிற்கும், இரும்பு இருக்காது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு உள்ள இடத்தில் பாஸ்பரிக் அமிலம் கலந்த மருந்து தடவி, ரெட் ஆக்ஸைடு இரண்டு கை, மேலே மெல்லிய எனாமல். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியட்டும். சட்டத்தின் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் பழைய ஆயிலைப் பீய்ச்சினோம். கதவடியிலும் தரையிலும் சேறு அடைத்த வடிகால் துளைகளைக் குத்தித் திறந்தோம். கடற்கரை மணலில் இறங்கினால் அன்று இரவே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத்தான் நான் கடற்கரைக்கே போவேன்.

1998 வண்டிக்கு 2013-இல் பதினைந்து ஆண்டு முடிந்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து, 2023-இல் மறுபடி கெடு வந்தது. கம்பத்துக்காரர் விற்றதே அதனால்தான். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆகியிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் இன்னும் சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கூடுதலாக ஒன்றுமே மாட்டவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஓட்டிக் காட்டச் சொன்னார், பிரேக் மிதிக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி வெளியே பெட்டிக்கடையில் நின்று கலர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணி வாக்கில் தேரிக்குப் போனேன். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே கிடக்கிற குதிரைமொழித் தேரியை முதன்முதல் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ரத்தச் சிவப்பில் மணல்மேடுகள், இரும்பு ஆக்ஸைடு பூசிய மணல், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான் துருவோடு மல்லுக்கட்டியதே போதாதென்று துருவே மலையாகக் கிடக்கும் ஊருக்கு வண்டியை ஓட்டிப் போனதாக என் மச்சான் கேலி செய்தான். தேரியின் உட்பகுதி காப்புக்காடு; அங்கே வண்டி விட்டு விளையாட அனுமதி இல்லை, கேட்பதும் முறையல்ல. காயாமொழிப் பக்கம் தெரிந்தவர் பனங்காட்டுக்குப் போகிற மண்பாதையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முப்பது பவுண்டு காற்றோடு இறங்கியதும் சக்கரம் தோண்டத் தொடங்கியது. காற்றைப் பதினெட்டுக்கு இறக்கினேன். டயர் வயிறு விரிந்து மணலில் பரவியது. அதற்குக் கீழே இறக்க ஜித்தாவில் பழகிய கை துடித்தது. ஆனால் அது ட்யூப்லெஸ் காலம், இது ட்யூப். காற்று மிகவும் குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். ஃபோர் வீல், லோ கியர் போட்டு, கிளட்சைத் தொடாமல் விட்டேன். அந்தச் சின்ன பேஜோ முனகிக்கொண்டே மேட்டில் ஏறியது. மேலே நின்று பார்த்தால் சிவப்புக்கு அப்பால் பனைகள், பனைகளுக்கு அப்பால் கடல். பனையேறி ஒருவர் நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது கம்பத்து வண்டியா?" என்றார். ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருந்தாராம். வண்டியின் பழைய நம்பர் வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

அதே ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் இரவு தொடங்கிய மழை விடவேயில்லை. காயல்பட்டினத்தில் திங்கள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். மாவட்டத்தில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது, ஏரல் துண்டானது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களும் இதற்கு முன்னுதாரணம் சொல்லவில்லை.

எங்கள் வாசலில் தண்ணீர் படியேறியபோது தெருவில் இருந்த கார்கள் ஒன்றொன்றாகச் செத்தன. கிளப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் பெரிய நஷ்டம். காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் ஏர் கிளீனரின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கையால் அளந்து, தெருமுனைத் தூணில் அதற்கு ஒரு சாண் கீழே சாக்கட்டியால் கோடு போட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வண்டி எடுப்பதில்லை என்று முடிவு. ரேடியேட்டர் முன்னால் சாக்கு கட்டினேன், ஃபேன் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்காமல் இருக்க. ஃபேன் பெல்ட்டையே கழற்றலாம் என்பார்கள். இந்த இன்ஜினில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, கொஞ்ச தூரத்துக்கு மேல் அது ஆகாது.

லோ கியரில், நடக்கிற வேகத்தில், முன்னால் ஒருவர் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடக்க, அன்றும் மறுநாளும் ஓட்டினோம். வேகமாகப் போனால் அலை எழுந்து பக்கத்து வீடுகளுக்குள் அடிக்கும். ஜமாஅத்துகளில் சமைத்த சோற்றுச் சட்டிகள், குழந்தைகளுக்குப் பால் பவுடர், ஒரு வயதான உம்மாவுக்கு இன்சுலின், அந்த இன்சுலினுக்கு ஐஸ். பிள்ளைத்தாச்சி ஒருத்தியைப் பின்னால் மெத்தை போட்டு ஏற்றியபோது என் மாமியே முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அந்த ஜீப்பில் அவர்கள் ஏறியது அதுதான் முதல் தடவை. கழற்றிப்போட்ட பின்படி மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் உதவியிருக்கும், அதை மறுக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆத்தூர்ப் பக்கம் போகச் சொல்லிக் கேட்டார்கள். ஓடுகிற தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றேன். நிற்கிற தண்ணீரில் ஜீப் வண்டி. ஓடுகிற தண்ணீரில் அது வெறும் தகரம். ஓடுகிற தண்ணீருக்குப் படகுகள் வந்தன. எங்கள் கரையோர மீனவர்களின் வள்ளங்கள் அந்த நாட்களில் செய்ததை எந்த ஜீப்பும் செய்திருக்க முடியாது.

தண்ணீர் வடிந்ததும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பட்டறையிலேயே இடுப்பளவு நின்று வடிந்திருந்தது. கோடு சுவரில் தெரிந்தது. நனைந்த கருவிகளைக் காயப்போட்டிருந்தார். "முதல்ல உங்க வண்டியப் பாப்போம்" என்று அடியில் நுழைந்து பின் டிஃபரன்ஷியல் நட்டைத் திருகினார். தேன் நிறத்தில் சுத்தமாக வடிந்தது ஆயில். முன் அச்சும் அப்படியே. பிரேக் டிரம்மில் சேறு, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் தண்ணீர், சக்கர பேரிங்குகளில் கிரீஸ் மாற்ற வேண்டியிருந்தது. அதோடு சரி. பக்கத்தில் நின்ற புதிய வண்டி ஒன்றின் கம்ப்யூட்டர் பெட்டி செத்து, இன்சூரன்ஸ்காரருக்காகக் காத்திருந்தது.

பழைய ஜீப் வாங்க நினைப்பவர்கள் அதற்கப்புறம் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒன்றுதான் சொல்கிறேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மலையோர ஊர்களுக்குப் போங்கள். அடியில் படுத்துப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு கடைக்குப் போகும் முன் மூச்சுத்துளைகளைத் திறந்து மேலே கொண்டுபோங்கள். வின்ச், விளக்கு, ஸ்நார்க்கல் எல்லாம் காசு மிஞ்சினால். சிலர் என் வண்டியையே விலைக்குக் கேட்கிறார்கள். அதன் பதிவு 2028 வரை இருக்கிறது. விற்பதாக இல்லை.